இணைய விளையாட்டின் கதை – 6: நள்ளிரவில் காணாமல் போன கோப்பு

சென்ற வாரம் ஜே வில்பரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டோம்.

1993 டிசம்பர் 10. டெக்சாஸ் மாநிலம், மெஸ்கீட் நகரம். ஐடி சாஃப்ட்வேர் அலுவலகத்தில் டூம் விளையாட்டு முடிந்து தயாராக இருக்கிறது. இரண்டு மெகாபைட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்க்சைடு வளாகத்தில் இருந்த எஃப்டிபி சர்வரில் ஏற்றிவிட்டால் போதும், மிச்சத்தை உலகம் பார்த்துக்கொள்ளும். ஏற்ற வேண்டியவர் வியாபாரப் பொறுப்பில் இருந்த வில்பர். அவரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. டூம் வருகிறது என்று கேள்விப்பட்டு வந்த கூட்டம், சர்வரில் இருந்த எல்லா இடங்களையும் பிடித்து உட்கார்ந்திருந்தது. யாருக்காக விளையாட்டு வரவேண்டுமோ, அவர்களே அது வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வில்பர் தொலைபேசியை எடுத்தார். பல்கலைக்கழகத்தில் அந்த சர்வரைக் கவனித்துக்கொண்டிருந்த நிர்வாகி, ஒரே சமயத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்ற வரம்பைக் கூட்டினார். கிடைத்த இடுக்கில் வில்பர் புகுந்துவிட்டார். கோப்பு மெல்ல மெல்ல ஏறியது. ஏறி முடித்த அடுத்த கணம் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகப் பாய்ந்தார்கள். பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் படுத்துவிட்டது.

இதை எல்லோரும் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். உண்மையான தலைவலி மறுநாள் காலையில்தான் ஆரம்பித்தது.

டூமை நான்கு பேர் வரை ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்து விளையாடலாம். அலுவலகத்திலும் கல்லூரிக் கணினிக் கூடத்திலும் வேலை முடிந்ததும் (முடியாமலும்) கூடி உட்கார்ந்துவிட்டார்கள். முதல் பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தத் தகவல் எதிராளியின் கணினிக்கு மட்டும் போகாது. நெட்வொர்க்கில் இருக்கும் அத்தனை கணினிகளுக்கும் போகும். டூம் என்றால் என்னவென்றே தெரியாத கணக்குப் பிரிவுக் கணினிகூட அதை வாங்கி, பிரித்துப் பார்த்து, நமக்கில்லை என்று தூக்கிப் போட வேண்டும். நொடிக்குப் பல முறை. நாலு பேர் விளையாடினால் நாற்பது பேர் வேலை நின்றது. இன்டெல் தன் அலுவலகங்களில் டூமுக்குத் தடை போட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் போட்டது.

ஐடி நிறுவனத்தார் விழித்துக்கொண்டார்கள். 1994 பிப்ரவரியில் 1.2 பதிப்பு வந்தது. அதில் கோளாறு சரி.

யாருக்குச் சரி? ஏற்கெனவே லட்சக்கணக்கான கணினிகளில் பழைய டூம் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடிப் போய் மாற்ற ஐடிக்கு வழியே கிடையாது. விளையாடுகிறவரே பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, எங்கே கிடைக்கும் என்று தேடி, இறக்கி, போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் போட்டுக்கொண்டீர்கள், உங்கள் நண்பர் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.

அது ஏன் என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம். இந்தத் தொடர் முழுவதும் இந்த முடிச்சுதான் வந்துகொண்டே இருக்கப்போகிறது. டூமில் நடுவர் என்று ஒரு கணினி கிடையாது. ஒவ்வொருவருடைய கணினியும் முழு உலகத்தையும் தானே கணக்குப் போட்டு நடத்துகிறது. கம்பி வழியாகப் போவதெல்லாம், யார் எந்தப் பக்கம் நகர்ந்தார், யார் சுட்டார் என்ற சின்னக் குறிப்பு மட்டுமே. அதை வைத்து நான்கு கணினிகளும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வரவேண்டும். ஒரு பதிப்பில் ஓர் எண் மாறியிருந்தாலும் விடை பிசகும். உங்கள் திரையில் செத்துப்போன அரக்கன், நண்பர் திரையில் உயிரோடு நின்று அவரைக் கடிப்பான். பின்னால் வந்த விளையாட்டுகள் சர்வரை நடுவராக வைத்தன. ஆனாலும் விதி மாறவில்லை. எல்லோரிடமும் ஒரே பதிப்பு. இல்லையென்றால் வெளியே.

தனியாக ஆடும் விளையாட்டில் பேட்ச் போடாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். சேர்ந்து ஆடும் விளையாட்டில், பேட்ச் வெளியிடும் ஒவ்வொரு முறையும் நிறுவனம் தன் கூட்டத்தைத் தானே இரண்டாக உடைக்கிறது.

அப்படி ஒரு நிறுவனம் உடைத்தது. திரும்பத் திரும்ப உடைத்தது. ஒரு கட்டத்தில் பயந்துபோய் மைக்ரோசாஃப்ட்டின் கதவைத் தட்டியது.

*

வால்வ். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996-ல் தொடங்கிய நிறுவனம். 1998 நவம்பரில் ஹாஃப் லைஃப் வந்தது. அதன் மேல் கனடாவின் மின் லீ என்ற மாணவரும் அமெரிக்காவின் ஜெஸ் கிளிஃபும் பொழுதுபோக்காகக் கட்டிய ஒரு மாற்று விளையாட்டு 1999-ல் வெளியானது. அதன் பெயர் கவுன்டர் ஸ்ட்ரைக். நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் அந்தக் காலத்தில் காது கிழியக் கேட்ட துப்பாக்கிச் சத்தத்தில் பெரும்பங்கு இதனுடையதுதான். 2000-ல் வால்வ் விளையாட்டையும் வாங்கியது, செய்தவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கூட்டம் சேர்ந்தது. கூடவே கள்ளாட்டமும் சேர்ந்தது. சுவருக்குப் பின்னால் நிற்பவரைக் காட்டும் நிரல், தானாகவே தலையைக் குறிபார்க்கும் நிரல். அடைக்க வேண்டுமென்றால் பேட்ச் போட வேண்டும்.

பேட்ச் நாள் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆட்டம் நடக்கும் சர்வர்கள் வால்வினுடையவை அல்ல. உலகம் முழுக்க ஆர்வலர்கள் சொந்தச் செலவில் நடத்தியவை. சிலர் உடனே புதிய பதிப்புக்கு மாறுவார்கள், சிலர் வாரக் கடைசியில் மாறுவார்கள், சிலர் பரீட்சை முடிந்து வந்து மாறுவார்கள். விளையாட வந்தவர் முன்னால் பதிப்பு பொருந்தவில்லை என்ற ஒற்றை வரி. கோப்பைத் தேடிப் போனால் ஃபைல்பிளானட் போன்ற இடங்களில் வரிசை. ஆமாம், இணையத்தில் வரிசை! உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று எண் காட்டும், காத்திருக்க வேண்டும். பணம் கட்டியவர் வரிசையைத் தாண்டிப் போகலாம்.

முறை வந்தபின்? 56 கே மோடம், எல்லாம் ஒத்துழைத்தால், நொடிக்கு 7 கிலோபைட் இறக்கும். 100 மெகாபைட்டுக்கு நான்கு மணி நேரம். நடுவில் அத்தை போனை எடுத்துப் பேசிவிட்டால் முதலிலிருந்து.

ஆகவே ஒவ்வொரு பேட்சுக்குப் பிறகும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவோரில் பெரும்பகுதி சில நாட்களுக்குக் காணாமல் போனது. கள்ளாட்டக்காரர்களை விரட்டப் போட்ட பேட்ச் நல்லவர்களை முதலில் விரட்டியது.

விளையாட்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டால்? இப்படி ஒன்றை யாராவது செய்து தரமாட்டார்களா என்று வால்வ் மைக்ரோசாஃப்ட்டைக் கேட்டது, யாகூவைக் கேட்டது, ரியல்நெட்வொர்க்ஸைக் கேட்டது. யாரும் முன்வரவில்லை. பிற்பாடு இந்த மூன்று நிறுவனங்களும் எத்தனை முறை கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும் என்பது வாசகர் கற்பனைக்கு.

வால்வ் தானே இறங்கியது. 2002 மார்ச்சில் அறிவிப்பு. 2003 செப்டம்பர் 12-ல் ஸ்டீம் வந்தது.

வந்த அன்றிலிருந்து திட்டு. மெதுவாக இருக்கிறது, தொங்குகிறது, கேட்காமலேயே எதையோ இறக்குகிறது, பார்க்கச் சகிக்காத பச்சை நிறம் வேறு. பழைய இணைப்பு முறையான வான் இருக்கும்வரை பலர் ஸ்டீம் பக்கமே போகவில்லை. 2004 ஜூலையில் வால்வ் வானை இழுத்து மூடியது. கவுன்டர் ஸ்ட்ரைக் இணையத்தில் ஆட வேண்டுமா, ஸ்டீமுக்கு வா. வேறு வழி கிடையாது.

அதே வருடம் நவம்பர் 16. ஹாஃப் லைஃப் 2 வெளியீடு. ஸ்டீமில் வாங்கியவர்களுக்கு, வெளியாவதற்கு முன்பே கோப்புகள் பூட்டிய நிலையில் கணினிக்குள் வந்து இறங்கியிருந்தன. நாள் வந்ததும் திறவுகோலை மட்டும் அனுப்பினால் போதும். நல்ல யோசனை. கடையில் பெட்டி வாங்கியவரும் வீட்டுக்கு வந்து, வட்டைப் போட்டு, இணையத்தில் ஸ்டீமின் அனுமதியைப் பெற்ற பிறகே ஆட முடியும் என்றது வால்வ். அன்று உலகமே ஒன்றாக அனுமதி கேட்டு வந்தது. சர்வர் திணறியது. காசு கொடுத்து வாங்கிய வட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

முரட்டு வைத்தியம்தான். ஆனால் பேட்ச் நாளில் கூட்டம் உடையும் வியாதி அதோடு தீர்ந்தது. பதிலுக்கு ஒன்று கைமாறியது. இனி உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு எப்போது மாற வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கப் போவதில்லை. எங்கோ ஒருவர் தீர்மானிப்பார். அன்று அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் சொன்ன கோப்பு எங்கே என்கிறீர்களா? மூன்று வருடம் காத்திருங்கள். அதற்குள் செலவுக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

*

ஹாஃப் லைஃப் 2 வந்த ஏழாம் நாள், 2004 நவம்பர் 23, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. பிலிஸார்ட் நிறுவனத்தின் படைப்பு. மாதச் சந்தா கட்டி ஆடும் உலகம். சந்தா கட்டுகிறவர் புதிது புதிதாக எதிர்பார்ப்பார். புதிய குகை, புதிய அரக்கன், புதிய வாள். எல்லாம் பேட்ச் வழியாகத்தான் வரவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேட்ச் 200 மெகாபைட், ஆடுகிறவர்கள் 10 லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 டெராபைட். எல்லோரும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே மணி நேரத்தில் கேட்பார்கள். அடுத்த பேட்ச் வரும்வரை அந்தக் குழாய் சும்மா கிடக்கும். ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு பெரிய குழாயை யார் வாங்கி வைப்பது?

பிலிஸார்ட் எடுத்துக்கொண்ட கருவியைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிட்டொரன்ட். பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் 2001-ல் வெளியிட்டது. திருட்டுப் படமும் திருட்டு விளையாட்டும் ஊர் ஊராகப் போக எந்த வாகனம் பயன்பட்டதோ, அதே வாகனத்தில் பிலிஸார்ட் தன் சொந்தச் சரக்கை ஏற்றியது.

கிராமத்து அன்னதானத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பந்திக்குப் பரிமாற நிற்பார்களே, அதே ஏற்பாடுதான். கோப்பு சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படும். உங்களுக்கு ஒரு துண்டு வந்தவுடன், நீங்கள் அதை இன்னொருவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களிடம் இல்லாத துண்டை அவர் கொடுப்பார். கூட்டம் கூடக்கூட சர்வர் திணறுவதுதான் வழக்கம். இங்கே கூட்டம் கூடக்கூடக் கொடுக்கும் கைகளும் கூடும். நடுவில் யாராவது விஷமம் செய்து கெட்ட துண்டைத் தள்ளினால்? ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கணக்கு ஒத்துவராத துண்டைக் கணினி தூக்கியெறிந்துவிட்டு வேறொருவரிடம் கேட்கும்.

கெட்டிக்காரத்தனம். நியாயமா என்பது வேறு கேள்வி. சந்தாவும் வாங்கிக்கொண்டு, விநியோகச் செலவில் ஒரு பங்கைச் சந்தாதாரர் தலையிலேயே போட்டது நிறுவனம். பிறருக்கு அனுப்புவதை நிறுத்தும் வசதி அந்த இறக்கும் கருவியில் இருந்தது என்பது உண்மைதான். அது எதற்கென்று புரிந்து நிறுத்தியவர்கள் குறைவு.

வினை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. இணையச் சேவை நிறுவனங்களுக்கு பிட்டொரன்ட் என்றாலே திருட்டுச் சரக்கு. வழியிலேயே கழுத்தைப் பிடித்தார்கள். அமெரிக்காவில் காம்காஸ்ட் 2007-ல் இப்படிச் செய்து பிடிபட்டு, மறுவருடம் அரசின் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் கண்டனம் வாங்கியது. கனடாவில் ராஜர்ஸ் நிறுவனத்தின் வடிகட்டி இன்னும் ஒரு படி மேலே போய், வார்கிராஃப்ட் ஆட்டத்தையே இழுத்துப் பிடித்தது. 2011-ல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் கேட்டபோது அதை ஒப்புக்கொண்டார்கள். அதுவரை தோற்றவர்கள் எல்லாம் தங்கள் விரலைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள்.

பிலிஸார்ட் இப்படிப் பந்தி போட்டுக்கொண்டிருக்க, அதே பிலிஸார்டிலிருந்து முன்பே வெளியேறிவிட்ட மூன்று பேர் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார்கள். முழுக் கோப்பையும் எப்படி அனுப்புவது என்பதை விட்டுவிட்டு, முழுசாக எதற்கு அனுப்ப வேண்டும் என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

*

மைக் ஓபிரையன், பேட்ரிக் வயட், ஜெஃப் ஸ்ட்ரெயின். மூவரும் 2000-ல் பிலிஸார்டை விட்டு வந்து, சியாட்டில் பக்கம் அரீனாநெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். சாதாரண ஆட்கள் இல்லை. பிலிஸார்டின் பேட்டில்நெட் என்ற இணைய ஆட்டக்களத்தைக் கட்டியதில் பங்குள்ளவர்கள். கோப்பு எங்கே தேங்கும், சர்வர் எங்கே முறியும் என்று அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

2005 ஏப்ரலில் அவர்களுடைய கில்ட் வார்ஸ் வெளியானது. மாதச் சந்தா கிடையாது. ஒரு முறை வாங்கினால் போதும். சந்தா இல்லை என்றால், விநியோகத்தில் மிச்சம் பிடிப்பது உயிர்ப் பிரச்சினை. அங்கிருந்துதான் அந்த யோசனை பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நீங்கள் இறக்க வேண்டியது ஒரு மெகாபைட்கூட இல்லாத ஒரு சின்ன நிரல். அதைத் தட்டினால் அது சர்வரிடம் பேசி, ஆட்டத்தைத் தொடங்க என்ன வேண்டுமோ அதை மட்டும் வாங்கிவரும். நீங்கள் ஊருக்குள் நின்று கடைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த காட்டுக்கான மரமும் மிருகமும் பின்னால் வந்துகொண்டிருக்கும். நீங்கள் எட்டிப் பார்க்காத பாலைவனம் உங்கள் வட்டில் இடம் பிடிக்காது. வந்தது எல்லாம் ஒரே ஒரு பெரிய கோப்புக்குள் அடுக்கப்படும். எதை எங்கே வைத்தோம் என்ற குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கும். மறுபடி ஆட்டத்தைத் திறக்கும்போது சர்வரிலும் உங்களிடமும் இருக்கும் பட்டியல்களை ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் இறக்கிக்கொள்ளும். பேட்ச் என்று தனியாக ஒரு சடங்கு இல்லை.

இது நடக்க ஆட்டத்தின் அமைப்பே வழிவிட்டது. கில்ட் வார்ஸில் ஊர்களில்தான் எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் உங்கள் குழுவுக்கென்று காட்டின் தனிப் பிரதி ஒன்று திறக்கும். தாண்டும் இடத்தில் ஒரு காத்திருப்புத் திரை. வராத துண்டுகளை வரவழைக்க அதுவே நல்ல சாக்கு. வார்கிராஃப்ட்டிலோ, கடற்கரையிலிருந்து மலை உச்சிவரை ஒரே மூச்சில் நடக்கலாம். அங்கே நிறுத்திவைக்க எல்லை கிடையாது. பிலிஸார்ட் தன் விளையாட்டில் பாதி இறங்கும்போதே ஆடும் வசதியைக் கொண்டுவர 2010 ஆனது.

சர்வர் பக்கத்திலும் ஒரு வேலை செய்திருந்தார்கள். பேட்சுக்காக உலகத்தை மூடவேண்டியதில்லை. பழைய பதிப்பில் தொடங்கிய ஆட்டம் பழையபடியே ஓடி முடியும். புதிதாக நுழைகிறவர் புதிய பதிப்புக்குள் போவார். உள்ளே இருப்பவருக்கு, புதியது வந்திருக்கிறது, ஒரு முறை மூடித் திறந்துகொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு மட்டும். மற்ற விளையாட்டுகள் எல்லாம் வாராந்திர விடுமுறை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. என்னைக் கேட்டால், இந்தத் தொடரில் இதுவரை வந்த பொறியியலில் இதுதான் உச்சம். புகழ் மட்டும் வார்கிராஃப்ட்டுக்குப் போனது.

ஆக, 2005-க்குள் எல்லாம் தீர்ந்ததுபோல இருந்தது. பேட்ச் தானாக வரும், கூட்டம் உடையாது, செலவு கட்டுப்படும், வேண்டியது மட்டும் இறங்கும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வருகிற பேட்ச் தப்பாக இருந்தால்?

*

ஐஸ்லாந்தின் தலைநகர் ரேக்யாவிக். அங்கே சிசிபி என்ற நிறுவனம். 2003-லிருந்து அவர்கள் நடத்திவரும் விளையாட்டு ஈவ் ஆன்லைன். விண்வெளி, கப்பல், வியாபாரம், துரோகம். மற்ற விளையாட்டுகள் கூட்டத்தைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும். ஈவில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே பிரபஞ்சம்.

2007 டிசம்பர் 5. டிரினிட்டி என்ற பெரிய பேட்ச். கப்பல்கள் அனைத்தையும் புதிதாக வரைந்திருந்தார்கள். பழைய கணினிக்காரர்கள் பழைய காட்சியோடு இருக்கலாம், வலுவான கணினி உள்ளவர்கள் புதிய காட்சிக்கு மாறிக்கொள்ளலாம். ஆவலோடு காத்திருந்தவர்கள் புதியதை இறக்கினார்கள், போட்டார்கள், பார்த்தார்கள், மயங்கினார்கள். இரவு கணினியை அணைத்துவிட்டுப் படுத்தார்கள்.

சிலருடைய கணினி மறுபடி எழவில்லை.

கறுப்புத் திரை. விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கணினி விழித்தது. கெட்டுப்போனது விளையாட்டு இல்லை, கணினியே தொடங்க மறுத்தது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணினிகளில் சி டிரைவின் தலைவாசலில், எந்தக் கோப்புறைக்குள்ளும் இல்லாமல், பூட்.ஐஎன்ஐ என்று ஒரு கோப்பு இருக்கும். சில வரிகள்தான். எந்த வட்டில், எந்தப் பகுதியில் விண்டோஸ் இருக்கிறது என்ற முகவரி அதில் எழுதியிருக்கும். கணினி எழுந்தவுடன் தேடிப் படிக்கும் முதல் குறிப்புகளில் ஒன்று. சாதாரண ஆள் கைவைத்துவிடக் கூடாது என்று விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும்.

அந்தக் கோப்பைக் காணோம். டிரினிட்டி அழித்துவிட்டிருந்தது.

ஒரு விண்வெளி விளையாட்டுக்கும் விண்டோஸின் முகவரிச் சீட்டுக்கும் என்ன பகை? பகை ஒன்றுமில்லை, பெயர்ப் பொருத்தம். ஈவ் உருவாகத் தொடங்கிய காலத்திலேயே அதன் சொந்தக் கோப்புறைக்குள் பூட்.ஐஎன்ஐ என்று அவர்களும் ஒரு கோப்பு வைத்திருந்தார்கள். வேறு கோப்பு, வேறு வேலை, அதே பெயர். டிரினிட்டி பேட்ச் அந்தப் பழைய கோப்பை நீக்க வேண்டும். நீக்கச் சொல்லும் கட்டளையில், கோப்பின் பெயருக்கு முன்னால் விளையாட்டு இருக்கும் கோப்புறையின் முகவரி இருக்க வேண்டும். அது விட்டுப்போய், சாய்கோடு மட்டும் நின்றுவிட்டது. வெறும் சாய்கோட்டோடு ஆரம்பித்தால் விண்டோஸ் அதற்கு எடுத்துக்கொள்ளும் பொருள், வட்டின் தலைவாசல். அங்கே போய், பூட்.ஐஎன்ஐ என்று பெயர் பார்த்து, அழித்துவிட்டது. சொன்னதைச் செய்தது.

ஏன் எல்லோருக்கும் ஆகவில்லை? முதல் வட்டில் முதல் பகுதியில், வழக்கமான இடத்தில் விண்டோஸ் இருந்தால், அந்தச் சீட்டு தொலைந்தாலும் கணினி ஊகித்து எழுந்துவிடும். ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டும், அவ்வளவுதான். விண்டோஸ் வேறு இடத்தில் இருந்த கணினிகள்தான் சாய்ந்தன. விஸ்டாவுக்கு மாறியவர்கள் முழுக்கத் தப்பித்தார்கள். விஸ்டாவில் அந்தக் கோப்பே கிடையாது. வழக்கமான கணினியில் சோதித்துப் பார்த்தால் இந்தத் தவறு கண்ணில் படாது என்பதையும் கவனியுங்கள்.

சிசிபி பேட்சை உடனே திரும்பப் பெற்றது. போட்டுக்கொண்டவர்களுக்கு அறிவிப்பு: கணினியை அணைக்காதீர்கள், முதலில் அந்தக் கோப்பைத் திரும்ப வையுங்கள். அணைத்துவிட்டவர்கள் விண்டோஸ் வட்டைத் தேடி எடுத்து, மீட்பு முறையில் நுழைந்து, கட்டளை தட்டி, கோப்பைத் திரும்ப எழுத வேண்டும். எப்படி என்ற விளக்கம் இணையத்தில் இருந்தது. இணையத்துக்குப் போகக் கணினி வேண்டும்.

பிறகு சிசிபி, மறைக்காமல் மழுப்பாமல், எங்கே தவறு நடந்தது என்று விளக்கி எழுதியது. மன்னிப்பும் கேட்டது. தங்கள் கோப்பின் பெயரையும் மாற்றியது. ஸ்டார்ட்.ஐஎன்ஐ. இந்தப் பெயரை முதலிலேயே வைத்திருக்கலாம்.

ஒன்பது வருடம் முன்னால், 1998-ல், சிகாகோவின் பங்கி நிறுவனத்துக்கு இதைவிட மோசமான ஒன்று நேரவிருந்தது. மித் 2 என்ற அவர்களுடைய விளையாட்டைத் தப்பான இடத்தில் போட்டிருந்து பின்னால் நீக்கினால், மொத்த வட்டையும் துடைத்துவிடும். வட்டுகள் அச்சாகிவிட்ட பிறகுதான் தெரியவந்தது. பங்கி அத்தனையையும் திரும்ப அழைத்து மறுபடி அச்சடித்தது. செலவு சுமார் 8 லட்சம் டாலர். சின்ன நிறுவனத்துக்கு அது பெரிய அடி. ஆனால் லாரியில் போகும் சரக்கைப் பாதி வழியில் நிறுத்த முடிந்தது. டிரினிட்டி போன வேகத்தில் நிறுத்த எதுவும் இல்லை. வியாதி போன அதே குழாயில் மருந்தும் போனது என்பது ஆறுதல், குழாயின் மறுமுனையில் கணினி உயிரோடு இருந்தவர்களுக்கு.

பூட்டு, சரிபார்ப்பு எண், கையொப்பம், எதுவும் அன்று காப்பாற்றியிருக்காது. வந்தது போலி இல்லை. அசல் நிறுவனத்தின் அசல் பேட்ச். எக்ஸ்பியில் பெரும்பாலோர் முழு அதிகாரம் கொண்ட கணக்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டைப் புதுப்பிக்க வந்த நிரலுக்கும் அதே முழு அதிகாரம். விளையாட்டின் கோப்பை அழிக்கும் உரிமையும் விண்டோஸின் கோப்பை அழிக்கும் உரிமையும் அதற்கு ஒன்றுதான். 2004-ல் வால்விடம் கைமாறியது என்று சொன்னேனே, அதன் முழு அளவு மூன்று வருடம் கழித்து ஐஸ்லாந்திலிருந்து வந்து புரிந்தது.

இது நல்ல மனதோடு செய்த தவறு. செய்தவர் யார் என்று தெரியும், மன்னிப்புக் கேட்க ஆள் இருந்தது. அடுத்தது அப்படி இல்லை.

பாண்டோ மீடியா பூஸ்டர் என்று ஒரு மென்பொருள். பிலிஸார்ட் போட்டது போன்ற பந்தியை மற்ற நிறுவனங்களுக்குப் போட்டுக்கொடுத்த கம்பெனியினுடையது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உட்படப் பல விளையாட்டுகளோடு ஒட்டிக்கொண்டு லட்சக்கணக்கான கணினிகளுக்குள் போய் உட்கார்ந்தது. விளையாட்டை நீக்கினாலும் அது நீங்காது. 2013 ஆகஸ்ட் 31-ல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. சர்வர்கள் அணைக்கப்பட்டன. எல்லோரும் மறந்துபோனார்கள்.

2014 பிப்ரவரியில், அந்த மென்பொருள் இன்னும் இருந்த கணினிகளில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது: பாண்டோவுக்குப் புதிய அப்டேட் வந்திருக்கிறது.

கம்பெனியே இல்லை. அனுப்பியது யார்?

அடுத்த வாரம் சொல்கிறேன். அதுவரை, பழைய கணினி எதையாவது பரணிலிருந்து இறக்கித் திறந்தால், அப்டேட் கேட்கும் எந்தப் பெட்டியிலும் சரி என்று தட்டிவிடாதீர்கள்.

(தொடரும்)